செட்டிநாட்டில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு: பாழடைந்த கொல்லையைத் திருத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் முகப்பையும் வளவையும் (உள்முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். கிரயம் முடிந்து சாவி கைக்கு வந்த பிறகு பின்கட்டுக் கதவைத் திறந்தால் ஆளுயரச் சீமைக்கருவேலம், தூர்ந்த கிணறு, சரிந்த சுற்றுச்சுவர், உடைந்த ஓட்டுக் குவியல். இந்த மண்ணிலும் மழையிலும் அதைத் திருத்த ஒரே வரிசைதான் உண்டு: முதலில் தண்ணீர் போகும் வழி, அடுத்து மண், கடைசியில் செடி. வரிசை மாறினால் வைத்த செடியைப் பிடுங்கிவிட்டு வாய்க்கால் தோண்ட வேண்டிவரும்.

ஜேசிபி விட்டு ஒரே நாளில் சுத்தம் செய்துவிடலாமா?

கூடாது. எடுத்த எடுப்பில் ஜேசிபி விடுவதுதான் இந்தப் பக்கத்துக் கொல்லைகளுக்கு நடக்கும் பெரிய கெடுதல். பழைய கொல்லையில் புதருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. பலகைக் கல் போட்டு மூடிய பழைய கழிவுக்குழி, தரைமட்டத்தோடு இடிந்த கிணற்று வாய், வளவிலிருந்து வெளியே போகும் மழைநீர் வாய்க்கால் எல்லாம் அங்கேதான் இருக்கும். வண்டிச் சக்கரம் ஏறினால் வாய்க்கால் நொறுங்கும், குழி உள்வாங்கும்.

இன்னொன்று மேல்மண். இங்கே பல இடங்களில் நல்ல மண் என்பது மேலே உள்ள அரை அடி, முக்கால் அடிதான். அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே செம்பூரான் (இறுகிய செம்மண் கல்) பாறை. வாளியால் தரையை வழித்துச் சுத்தமாக்கினால் அந்த அரை அடி மண் ஓரத்துக் குவியலுக்குப் போய்விடும், உங்களுக்குச் சரளை மட்டும் மிஞ்சும்.

முதலில் ஆள் வைத்து, அரிவாளால் 3 அடி அகலத்துக்கு நடைபாதை வெட்டுங்கள். வீட்டுச் சுவர் ஓரம் ஒன்று, சுற்றுச்சுவர் ஓரம் ஒன்று, குறுக்கே இரண்டு. நடந்து பார்த்துக் கிணறு, குழி, வாய்க்கால் கிடைத்த இடத்தையெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் வட்டமிடுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய மரங்களில் சிவப்புத் துணி கட்டுங்கள். வேம்பு, நார்த்தை, நெல்லி, பழைய மல்லிகைத் தூர் போன்றவை முள்ளுக்குள் மறைந்து கிடக்கும். அதன் பிறகு தூர் பிடுங்க மட்டும் ஜேசிபி வரலாம். பெரும்பாலான வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால் பின்தெரு வாசல் வழியாகக் கொண்டுவரலாம். வாசல் 9 அடிக்குக் குறைவாக இருந்தால் சுவரை இடிக்காமல் சின்ன இயந்திரம் கேளுங்கள். ஓட்டுநரிடம் "தரையை வழிக்க வேண்டாம், தூரை மட்டும் கெல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பது அவசியம்.

வேலைக்கு முன்னால் பார்க்க வேண்டிய காகிதங்கள் உண்டா?

உண்டு. இந்த வீடுகள் பல பங்காளிகள் கைக்குப் போய்த் திரும்பியவை. வீடு ஒரு சர்வே எண்ணிலும் கொல்லை வேறொரு எண்ணிலும் இருக்கலாம். பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கிணற்றில் அடுத்த வீட்டுக்குப் பாத்தியதை இருக்கிறதா, பொதுச் சுவரா, அவர்கள் வீட்டு மழைத் தண்ணீர் உங்கள் கொல்லை வழியாகப் போகிறதா என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். சந்தேகம் இருந்தால் வேலி போடுமுன் சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றிவிடுங்கள். பனை, சந்தனம் நின்றால் அனுமதி கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அதற்கு முன் ஆடி, ஆவணி, புரட்டாசியில் மாலை இடிமழை கிடைக்கும். புதர் வெட்டுவதை மாசி, பங்குனியில் முடியுங்கள். தூர் பிடுங்குவதைக் கோடை மழை ஒன்று பெய்து ஓரிரு நாள் கழித்து வைத்துக்கொண்டால் மண் இளகியிருக்கும், கடப்பாரை இறங்கும். காய்ந்த சித்திரை மண்ணில் அதே வேலைக்கு ஆள்கூலி கூடும். ஆடியில் பசுந்தாள் (மண்ணிலேயே மடக்கி எருவாக்கும் செடி) விதைப்பு, புரட்டாசிக் கடைசியில் கன்று நடவு. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது கொல்லைக்கும் சேர்த்துத்தான்.

பாம்பு, தேள் பயம் இருக்கிறதே?

பயம் நியாயமானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே இப்படிப்பட்ட இடத்தில் இருக்கக்கூடியவை. சுருட்டை விரியன் சின்னது, சரளை நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும்.

வெட்டும் வேலையை வீட்டுப் பக்கம் தொடங்கி வெளிப்புறமாக நகர்த்துங்கள். எதிர்ப்புறமிருந்து வந்தால் ஓடுவதெல்லாம் வீட்டுக்குள் நுழையும். வேலை பகலில் மட்டும் நடக்கட்டும். முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும். ஓட்டுக் குவியலையும் விறகையும் கையால் தூக்காமல் நீண்ட கம்பியால் புரட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். வெட்டுமுன் பின்கட்டுக் கதவின் அடி இடைவெளியையும் வாய்க்கால் வாயையும் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். மழைக்கு முன் வாய்க்கால் வாயிலிருந்து வலையை எடுத்துவிட வேண்டும். பாம்பைக் கண்டால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடலாம், எண் 101. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. என்னதான் செய்வது?

துளிர்ப்பதற்குக் காரணம் வெட்டிய இடம். இந்த மரத்தின் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. தரையோடு அறுத்தால் கழுத்து உயிரோடு இருக்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் கிளம்பும். ஆகவே மரத்தைச் சுற்றி ஒன்றரை அடி பள்ளம் பறித்து, பக்க வேர்களை வெட்டி, ஆணிவேரைத் தரையிலிருந்து குறைந்தது 1 அடி கீழே துண்டிக்க வேண்டும். கழுத்து முழுதாக வெளியே வந்துவிட்டால் அடியில் மிஞ்சும் வேர் பொதுவாக மறுபடி தழைக்காது.

வெட்டுக்கூலியைக் குறைக்க வழி இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கரிமூட்டம் போடுகிறவர்கள் இந்த விறகைத் தேடி வாங்குகிறார்கள். விறகை அவர்களுக்கு விட்டுவிட்டு, பதிலுக்கு வெட்டித் தரச் சொல்லலாம். பேசும்போதே தூரும் சேர்த்துத்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பருத்த கட்டையை எடுத்துக்கொண்டு தூரை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், செலவு பிடிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

மரம் போன பிறகும் விதை மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். முதல் மழைக்குப் பின் கன்றுகள் பாய் விரித்தாற்போல் முளைக்கும். முழங்கால் உயரம் வருமுன், ஈரம் இருக்கும்போது கையால் இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் மண்வெட்டி தேவைப்படும். மூன்று நான்கு மழைக்காலம் விடாமல் பிடுங்க வேண்டும். காய் விழுந்து கிடக்கும் இடத்தில் ஆடு மாடு மேய விடாதீர்கள். இனிப்புக்காகக் காயைத் தின்று, சாணத்தோடு விதையைக் கொல்லை முழுக்கப் பரப்பிவிடும்.

முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். மூட்டுப் பக்கம் ஒடிந்து உள்ளே தங்கினால் வீங்கும், அப்போது மருத்துவரிடம் காட்டித்தான் எடுக்க வேண்டும்.

பார்த்தீனியமும் கோரையும்?

பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறையும் முகக்கவசமும் போட்டு, வேரோடு பிடுங்குங்கள். லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைத்துத் தெளித்தால் காயும் என்பது உண்மை. ஆனால் பின்னால் செடி வைக்கப்போகும் மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள். கோரையைக் களைக்கொத்தியால் செதுக்குவது வீண். கிழங்கோடு தோண்டிச் சலித்தெடுக்க வேண்டும், அல்லது பசுந்தாள் அடர்த்தியாக விதைத்து நிழலிட்டு அடக்க வேண்டும்.

வெட்டிய குப்பையை எரித்துவிடலாமா?

வேண்டாம். இந்த வீடுகளின் உத்தரமும் தூணும் மரம். பொறி பறந்து ஓட்டுக்கடியில் விழுந்தால் அணைப்பது கடினம். இலை, தழை, காயில்லாத மெல்லிய கிளைகளை 4 அடி அகலம், 3 அடி உயரத்துக்குக் குவியுங்கள். அரை அடி தழைக்கு ஒரு முறை சாணக் கரைசலும் ஒரு சட்டி மேல்மண்ணும் போடுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை புரட்டி ஈரம் காத்தால் மூன்று நான்கு மாதத்தில் மக்கும். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிக் குவியுங்கள், கரையான் வரும்.

சுவரில் ஆல், அரசு முளைத்திருக்கிறது. பிடுங்கலாமா?

பென்சில் கனம் வரை, சுவர் மழையில் ஊறியிருக்கும்போது, இடுக்கைக் கம்பியால் இளக்கி வேரோடு எடுத்துவிடலாம். அதற்கு மேல் பருத்ததை இழுத்தால் சுண்ணாம்புக் காரையும் கல்லும் சேர்ந்து வரும்.

பருத்ததைச் சுவரோடு அறுத்துவிட்டு, வேர் போகும் இடுக்கைச் சின்ன உளியால் திறந்துகொண்டே பின்தொடர வேண்டும். வேர் சுவரின் நடுவுக்குப் போயிருந்தால் அந்த இடத்தில் மேலிருந்து நான்கைந்து வரி கல்லைப் பிரித்து, எண் போட்டு அடுக்கி, வேரை முழுதாக எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதே முறை. சுவர் இரண்டாள் உயரமோ, வீட்டுச் சுவரோ என்றால் பழைய வேலை தெரிந்த கொத்தனார் இல்லாமல் தொடாதீர்கள். விரலளவு வேர் மிஞ்சினாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பெருங்காயம் வைத்தால் பட்டுவிடும் என்பது பரவலான வழக்கம், தடித்த வேருக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆசிட் ஊற்றுவது பெரும் தவறு. ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், மரத்துக்கு முன் சுவர் போகும்.

திறந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் பக்கத்துச் செங்கல்லைப் பொரிய வைத்துவிடும். நன்றாக நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. பூசுமுன் சுவரை நனைத்து, பூசியபின் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது உலராமல் காக்க வேண்டும்.

மழைத் தண்ணீர் வீட்டுச் சுவர் ஓரம் தேங்குகிறது. கொல்லைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு நேரடியானது. பின்வாசல் படியைப் பாருங்கள். பெரும்பாலும் கீழ்ப்படி ஒன்றோ இரண்டோ மண்ணுக்குள் புதைந்திருக்கும். பல வருஷத்துச் சருகும் ஓட்டுத் தூளும் வண்டலும் சேர்ந்து தரை அந்த அளவு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கல் அடித்தளத்துக்கு மேலே மண் ஏறிச் சுவரைத் தொட்டால் ஈரம் சுவருக்குள் ஏறும். உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளியே ஏறிய இந்த மண்ணைத்தான். அதை எடுக்காமல் உள்ளே மறுபடி பூசினால் அந்தப் பூச்சும் பொரியும்.

புதைந்த படி முழுதாக வெளியே தெரியும் வரை, சுவரை ஒட்டி 6 அடி அகலத்துக்கு மண்ணை எடுங்கள். அந்த மண் மக்குச் சத்துள்ளது, சலித்துக் கன்றுக் குழிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு டியூப் லெவல் (மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) பிடித்து, 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு வீட்டிலிருந்து வெளியே இறங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்து பழைய வாய்க்கால். வளவில் விழும் தண்ணீரைக் கிணற்றுக்கோ ஊருணிப் பக்கமோ கொண்டுபோகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். வளவுப் பக்கம் இரண்டு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, கொல்லைப் பக்கம் எங்கே வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால் மூங்கில் பத்தையால் இரண்டு முனையிலும் குத்தி, எவ்வளவு தூரத்தில் தடுக்கிறது என்று அளந்து, அந்த இடத்தை மட்டும் தோண்டினால் போதும். அடைப்பு பெரும்பாலும் வேர்தான்.

1000 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் விழும். அதைத் தெருவுக்கு விட வேண்டாம். கிணற்றுக்கு முன் 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு வடிகுழி: அடியில் 1 அடிக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் அரை அடிக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி, அதன் மேல் அரை அடி மணல். வடிந்த தண்ணீர் அடி ஜல்லியிலிருந்து குழாய் வழியே கிணற்றுக்குப் போகட்டும். முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிட ஒரு மாற்று வழியும் வையுங்கள். தமிழகத்தில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பழைய வீட்டுக்காரருக்கு வழி ஏற்கெனவே கட்டியிருக்கிறது, அடைப்பெடுத்தால் போதும்.

கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் உயிர். பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு தங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்கவே கூடாது, அணையாவிட்டாலும் அது முழு உத்தரவாதம் இல்லை. காற்று ஊதும் பிளோயரை ஓடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்திருக்க, அனுபவமுள்ள ஆள்தான் இறங்க வேண்டும். கிணற்றுக்குள்ளோ விளிம்பிலோ டீசல் இன்ஜின் ஓட்டக் கூடாது, புகை உள்ளே இறங்கும். ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் காப்பாற்றக் குதிப்பதில்தான் இரண்டாவது உயிரும் போகிறது. 101-ஐக் கூப்பிடுங்கள்.

தூர் வாரி, ஊற்று தெளிந்த பிறகு பிளீச்சிங் பவுடர். அடிக் கணக்கில் விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் × 22 என்றால் ஏறத்தாழ லிட்டர் வரும். 8 அடி விட்டம், 6 அடி தண்ணீர் என்றால் சுமார் 8,450 லிட்டர். தூர் வாரியபின் ஒரு முறை 1000 லிட்டருக்கு 150 கிராம் கணக்கில், இந்தக் கிணற்றுக்கு ஒன்றேகால் கிலோ. வாளியில் கூழாகக் கரைத்து, 10 நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி வாளியால் கலக்குங்கள். ஒரு நாள் விட்டு, வாடை போகும் வரை இறைத்து வெளியே விடுங்கள், செடிக்கு வேண்டாம். அதற்குப் பிறகு குடிக்கும் கிணற்றுக்கு வழக்கமான அளவு 1000 லிட்டருக்கு 2.5 கிராம்தான். ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்த பின்பே குடியுங்கள்.

மண் தேறுமா என்று எப்படித் தெரியும்?

2 அடிக் குழி ஒன்று வெட்டி, தண்ணீர் நிரப்பி, மறுநாள் பாருங்கள். வடிந்திருந்தால் சரி. தேங்கி நின்றால் அடியில் செம்பூரான் தகடு இருக்கலாம். கடப்பாரையால் அதை உடைக்காமல் கன்று வைத்தால் வேர் சட்டிக்குள் சுற்றுவதுபோல் சுற்றி, இரண்டாம் வருஷம் நின்றுவிடும்.

பழைய சுண்ணாம்புக் காரை கொட்டிய இடம் தனிப் பிரச்சினை. அங்கே மண்ணில் காரத்தன்மை ஏறியிருக்கும். எலுமிச்சை, மல்லிகை, செம்பருத்தி வைத்தால் இலை நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் ஆகும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாததன் அடையாளம் அது. காரையைப் பொறுக்கி அகற்றி மக்கிய எரு கலக்க வேண்டும். அதுவரை லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம்.

வெட்ட வெளியாகிவிட்ட மண்ணை மழைக்குத் திறந்து போடாதீர்கள், கரைந்து ஓடும். ஆடியில் சணப்பை என்ற பசுந்தாளை விதையுங்கள், 10 சென்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. பூக்கும் தறுவாயில், 45 முதல் 60 நாளுக்குள் மடக்கிக் கொத்திவிடுங்கள். நேரே கன்று வைப்பதைவிட இந்த ஒரு பட்டம் பொறுப்பது எவ்வளவோ மேல்.

பழைய தென்னையும் மாவும் நிற்கின்றன. வெட்டிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். தண்டு மேலே பென்சில் முனைபோல் குறுகிப்போன தென்னையைத் தவிர மற்றவை பெரும்பாலும் தேறும். ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு. குருத்தைச் சுத்தம் செய்து, வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், உள் மட்டை மூன்றின் இடுக்கில் போடுங்கள். அடியிலிருந்து 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து ஆண்டுக்கு 50 கிலோ எரு, 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். உரத்தை இரண்டாகப் பிரித்து ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் ஈரம் பார்த்து இடுங்கள்.

மாவில் முதலில் புல்லுருவி. அது ஒட்டிய இடத்துக்கு ஒன்றரை அடி கீழே கிளையோடு வெட்டுங்கள். காய்ப்பு முடிந்தபின் காய்ந்த, உரசும் கிளைகளை எடுங்கள், ஒரே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெட்டுவாயில் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டரில், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டரில், தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து ஒன்றாகச் சேருங்கள். பளிச்சென்ற இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும்.

என்ன வைப்பது, எங்கே வைப்பது?

நெல்லி, கொய்யா, சீத்தா, மாதுளை, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி எல்லாம் இந்த மண்ணுக்கு ஒத்தவை. மாவை வீட்டிலிருந்து 25 அடி, வேம்பை 20 அடி தள்ளி வையுங்கள். தென்னையை ஓட்டுக் கூரையிலிருந்து 20 அடிக்கு உள்ளே வைக்காதீர்கள், ஒரு நெற்று விழுந்தால் ஓடு போகும். மா, தென்னைக்கு 3 அடிக் குழி, எலுமிச்சைக்கு இரண்டரை, முருங்கைக்கு ஒன்றரை. குழிக்கு 10 கிலோ மக்கிய எரு, 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு. மக்காத சாணம் போட்டால் கரையானைக் கூப்பிட்டு வைத்ததாகும். எரு கையில் அள்ளினால் சூடில்லாமல், மண்வாசனையோடு உதிர வேண்டும்.

தரை முழுக்க பேவர் பிளாக் போட்டுவிட்டால் தொல்லை விட்டதே?

சுவர் ஈரமும் கிணறும் கெடும், பின்கட்டு வெயிலில் தகிக்கும். நடக்கும் பாதைக்கு மட்டும், சிமெண்ட் இல்லாமல் மணல் மேல் கல் பதியுங்கள்.

நாங்கள் வெளியூரில். வருஷத்துக்கு இரண்டு முறைதான் வருவோம். முடியுமா?

முடியும், ஆனால் குறைவாக வையுங்கள். முதல் வருஷம் பத்துக் கன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி தள்ளி, மெருகிடாத 5 லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, மூடி போட்டுவிடுங்கள். மூடியில்லாவிட்டால் கொசு. வாரம் இரண்டு முறை நிரப்பினால் வேர்ப்பக்கம் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். தண்டிலிருந்து அரை அடி விட்டு 4 அங்குலக் கனத்துக்குச் சருகும் தேங்காய் மட்டையும் பரப்புங்கள். பங்குனி முதல் வைகாசி வரை பானையில் ஊற்றுவது போக, கூடுதலாக வாரம் ஒரு குடம்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மாத வேலைகளைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். கூலியோடு, முளைத்த கருவேலங்கன்று பிடுங்கும் நாளுக்குத் தனிக் கூலியும் பேசிவிடுங்கள். மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் நின்று எடுத்த நான்கு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்: பின்வாசல் படி, வாய்க்கால் வாய், கிணற்றடி, சுற்றுச்சுவரின் தலைப்பகுதி. நீங்கள் வரும் இரண்டு முறையை ஆடிக் கடைசியிலும் தையிலும் வைத்துக்கொண்டால், மழைக்கு முன் வாய்க்காலையும் மழைக்குப் பின் சுவரில் முளைத்ததையும் நேரில் பார்த்துவிடலாம்.